உள்ளூரில் ஆறு, வெளியூரில் இருபத்துநாலு

வெர்னா ஹ்லாதுன் எழுதினால் எழுதினதுதான். டால்மூரில் இதைப் பற்றி இரண்டாவது பேச்சு கிடையாது. வாரநாளில் ஊர் நூலகத்தில் வேலை. சனிக்கிழமை ஆனால் ஐஸ் ஹாக்கி அரங்கத்தின் நடுக்கோட்டுக்கு நேரே, கண்ணாடிக் கூண்டுக்குள், கால்மாட்டில் ஹீட்டரை வைத்துக்கொண்டு ஸ்கோர் எழுத உட்கார்ந்துவிடுவாள். பதினோரு வருஷமாக இப்படித்தான். மற்ற ஊர்களில் ஸ்கோர் எழுதுகிறவர்கள் சொந்த ஊர்ப் பையன்களுக்கு அள்ளிக் கொடுப்பார்கள். கோல் விழுந்த நேரத்தில் பெஞ்சில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவனுக்குக்கூட ஒரு அசிஸ்ட் போட்டுவிடுகிற மகராசர்கள் இருக்கிறார்கள். வெர்னாவிடம் அந்தப் பருப்பு வேகாது.

அசிஸ்ட் ஒன்றும் சில்லறை விஷயமில்லை. கோல் அடித்தவனுக்கு ஒரு புள்ளி. அதற்கு முன்னால் கடைசியாகப் பக் என்கிற கறுப்பு வில்லையைத் தொட்டு நகர்த்திவிட்ட அவன் கூட்டாளிகள் இரண்டு பேருக்கும் ஆளுக்கு ஒரு புள்ளி, எல்லாம் ஒரே எடை. நடுவில் எதிராளி அதைக் கைப்பற்றிவிட்டால் சங்கிலி அறுந்தது, முந்திக் கொடுத்தவனுக்குப் பட்டை நாமம். கைப்பற்றாமல் சும்மா மட்டையில் உரசிப் போனால் அறாது. உரசினானா, கைப்பற்றினானா? கண் மூடித் திறப்பதற்குள் நடந்து முடிகிற காரியம். கோல் அடித்தவனின் எண்ணை நடுவர் வந்து சொல்லிவிட்டுப் போய்விடுவார். கொடுத்தது யார் என்பது வெர்னாவின் கண்ணுக்கும் பேனாவுக்கும் விட்டது.

மார்ச் மாதக் கடைசிச் சனிக்கிழமை. பருவத்தின் கடைசி உள்ளூர் ஆட்டம், மதியம் இரண்டு மணிக்கு. ஒரு மணிக்கே கூண்டுக் கதவைத் தட்டிக்கொண்டு ஒருவர் வந்தார். ஆறடி உயரம், வெள்ளை மீசை, கையில் தடித்த நோட்டு.

"பிராண்ட்வோல்ட். வடக்கு டகோட்டாவுல இருந்து வரேன், காலேஜ் அணிக்கு ஆள் எடுக்க. இந்த வருஷத்து உள்ளூர் ஆட்டத் தாள் எல்லாம் உங்ககிட்ட இருக்கும்னாங்க. கொஞ்சம் பாக்கலாமாம்மா?"

எதற்கு வந்திருக்கிறார் என்று வெர்னாவுக்கு உடனே புரிந்தது. அவள் மகன் நோலனைப் பார்க்க யாரோ வருகிறார்கள் என்று பத்து நாளாக வீட்டில் பேச்சு. பதினெட்டு வயசு ஆகிவிட்டது. இந்த வருஷம் காலேஜ் எடுத்தால் உண்டு, இல்லாவிட்டால் ஹாக்கி மட்டையைக் கொட்டகையில் சாத்திவிட்டு அப்பனைப் போல ஆல்பர்ட்டா எண்ணெய்க் கிணற்றுக்குப் போக வேண்டியதுதான். அந்த அப்பன் இவர்களை விட்டுவிட்டுப் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. அவனுடைய பிலிக் என்ற பெயர் மகனோடு இருக்கிறது. வெர்னா தன் பிறந்த வீட்டுப் பெயருக்கே திரும்பிவிட்டாள். அதனால் இவள்தான் தாய் என்று வந்தவருக்குத் தெரிய வழியில்லை. சொல்லவும் கூடாது என்று நினைத்துக்கொண்டு ஆட்டத் தாள் ஃபைலை நீட்டினாள்.

பக்கத்து நாற்காலியில் ஆட்டக் கடிகாரத்தை இயக்குகிற கிழவர் உல்ரிக், சூரியகாந்தி விதையைக் கொறித்துத் தோலை டம்ளரில் துப்பிக்கொண்டே, "யாரைங்க பாக்க வந்தீங்க?" என்றார். அவருக்குத் தெரியாததா? கிழவருக்குக் குறும்பு.

"ரெண்டு பேர். இடம் ஒண்ணுதான். பத்தொன்பதாம் நம்பர் ரெம்பெல், பதினாலாம் நம்பர் பிலிக். பிலிக்கை வெளியூர்ல நாலு தடவை பாத்தேன். என்னா கை! பக்கைத் தாம்பாளத்துல வெச்சுக் குடுக்கற மாதிரி குடுக்கறான். அவனைத்தான் எடுக்கறதா இருந்தோம்."

"இருந்தோம்னா?" வெர்னாவின் வாய் தானாகக் கேட்டுவிட்டது.

பிராண்ட்வோல்ட் நோட்டைத் திறந்து காட்டினார். "இதைப் பாருங்க. வெளியூர் ஆட்டத்துல இருபத்துநாலு அசிஸ்ட். உள்ளூர்ல எத்தனை தெரியுமா? ஆறு. இருபத்தஞ்சு ஆட்டத்துல ஆறே ஆறு! உங்க அணியில மத்த எல்லாப் பயலுக்கும் உள்ளூர்லதான் கூட. இவனுக்கு மட்டும் தலைகீழ். சொந்த ஜனம் முன்னாடி கால் நடுங்குது போல. வீட்டில எலி, வெளியில புலி."

அவர் சும்மா சொன்னார். வெர்னாவுக்கோ ஹீட்டர் பக்கத்தில் இருந்தும் உள்ளங்கால் ஜில்லிட்டது. ஆறா?

"இன்னொரு வேடிக்கை" என்று அவர் தொடர்ந்தார். "கோல் விழறப்ப ஐஸ்ல இருக்கறவங்களுக்கு எல்லாம் பிளஸ் போடுவீங்களே, அதுல உள்ளூர்ல இவன்தான் முதல். அவன் உள்ள இருக்கும்போதெல்லாம் கோல் விழுது. ஆனா அவன் கைபட்டு விழுந்ததா ஒண்ணும் காணோம். அடுத்தவன் உழைப்புல பேர் வாங்கற அதிர்ஷ்டக்காரன்னு எங்க கோச் சொல்லிட்டார். அதுவும் இல்லாம, உள்ளூர் ஸ்கோர்காரங்க தாராளம்னு உலகத்துக்கே தெரியும். உள்ளூர்க் கணக்குல எப்பவும் கொஞ்சம் கழிச்சுத்தான் எடுப்போம். தப்பா நினைக்காதீங்க. இந்த ஆறும் எங்களுக்கு அஞ்சுதான்."

உல்ரிக் விதை கொறிப்பதை நிறுத்திவிட்டார்.

"நீங்க பக்கத்துலயே இருந்து பாக்கறவங்க" என்றார் பிராண்ட்வோல்ட். "உண்மையைச் சொல்லுங்கம்மா. பயல் இங்க பயப்படறானா?"

வெர்னா பேனாவை எடுத்து மூடியைத் திருகினாள். "எனக்கு... எழுதற வேலைதாங்க" என்றாள். அவர் தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, நன்றி சொல்லி, மேலே பார்வையாளர் வரிசைக்கு ஏறிப் போனார்.

அவர் போனதும் வெர்னா ஃபைலைப் பிடுங்காத குறையாக எடுத்துப் புரட்டினாள். பதினோரு வருஷத்தில் ஒரு தடவைகூட அவள் கூட்டிப் பார்த்ததில்லை. ஒவ்வொரு ஆட்டமும் ஒரு தாள், எழுதினால் அனுப்பிவிடுவாள், கூட்டுவது லீக் அலுவலகத்தின் வேலை. இப்போது விரல் வைத்து எண்ணினாள். ஆறு. எல்லாம் அவள் கையெழுத்து. வரிக்கு வரி முதல் அசிஸ்ட் இருந்தது, பக்கத்தில் இரண்டாவது கட்டம் வெறுமையாக இருந்தது. ரெம்பெல் கோல், இரண்டாவது கட்டம் காலி. பீட்டர்ஸ் கோல், காலி. சில இடத்தில் இரண்டு கட்டமும் காலி.

அவளுக்கு எல்லாம் தெரிந்துதான் இருந்தது. தெரியாத மாதிரி வைத்திருந்தாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் நோலனின் முதல் உள்ளூர் ஆட்டம். நியாயமான ஒரு அசிஸ்ட், எழுதினாள். ஒலிபெருக்கியில் பேரைப் படித்த உடனே மேல் வரிசையில் இருந்து எவனோ, "பரிமாறுறவ தன்னவளா இருந்தா கடைசிப் பந்தியில உக்காந்தா என்னடா!" என்று கத்தினான். அரங்கமே சிரித்தது. அவளுக்குக் காது மடல் வரை எரிந்தது. அன்றிலிருந்து பதினாலாம் நம்பர் பக்கைத் தொட்டால் அவள் கண் எதிராளியின் மட்டையைத் தேடியது. ஒரு மயிரிழை உரசினாலும், கைப்பற்றினான், அறுந்தது. ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு புள்ளிதானே என்றுதான் நினைத்தாள். கொள்ளைக்காரனும் அப்படித்தான் நினைப்பான்.

"உல்ரிக், உங்களுக்குத் தெரியுமா?"

கிழவர் கடிகாரத்தையே பார்த்தார். "சந்தேகம் இருந்துச்சு. உன் புள்ள, உன் பேனா. நான் என்னத்தைச் சொல்ல? ஆனா ஆறுன்னு நினைக்கலை வெர்னா. சத்தியமா ஆறுன்னு நினைக்கலை."

ஆட்டம் தொடங்கியது. வெர்னாவின் கை எழுதியது, மனசு எங்கோ கிடந்தது. முதல் பகுதி முடிந்தபோது ஒன்றுக்கு ஒன்று. நோலன் கொடுத்த இரண்டு பாஸையும் கூட்டாளிகள் கம்பத்தில் அடித்துத் தொலைத்தார்கள். மேலே பிராண்ட்வோல்ட் எதையோ குறித்துக்கொண்டிருந்தார். என்ன குறிக்கிறாரோ! இன்றைக்கு ஒன்றாவது விழ வேண்டும், ஒன்றே ஒன்று, என்று அவள் வேண்டிக்கொண்டாள்.

இரண்டாவது பகுதியில் பதினோராவது நிமிஷம். நோலன் மூலையிலிருந்து பக்கைத் தள்ளினான். எதிரணித் தடுப்புக்காரன் அதை மட்டையில் வாங்கி, தலையைத் தூக்கிப் பார்த்து, இரண்டு எட்டு சறுக்கிக்கூடப் போனான். பின்னாலிருந்து ரெம்பெல் அதைப் பறித்தான், அடித்தான், கோல். அரங்கம் எழுந்து நின்றது. நடுவர் வந்து, "பத்தொன்பது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சங்கிலி அறுந்துபோனதைக் குருடனும் பார்த்திருப்பான். வெர்னாவின் கை பத்தொன்பது என்று எழுதிற்று, பக்கத்துக் கட்டத்தில் பதினாலு என்று எழுதிற்று. எழுதிய கையைப் பார்த்து அவளுக்கே திக்கென்றது. அறிவிப்பாளருக்கு எண்ணும் போய்விட்டது. "கோல், ரெம்பெல்! அசிஸ்ட், நோலன் பிலிக்!"

உல்ரிக் மெதுவாகத் திரும்பினார். "வெர்னா. என்ன காரியம் பண்ணினே?"

பதில் சொல்ல நேரமில்லை. நோலன் பெஞ்சுக்குப் போகாமல் நேரே கூண்டுக்குச் சறுக்கி வந்து, கையுறையால் கண்ணாடியைத் தட்டினான். பேச்சுக்கென்று விட்ட துவாரத்தில் அவன் மூச்சு ஆவியாக வந்தது.

"அம்மா, அது என்னுது இல்ல. அவன் ரெண்டு எட்டு எடுத்துட்டுப் போனான். அழிச்சிடு."

"நோலன், பேசாம போ."

"அழின்னு சொல்றேன்ல!"

"டேய், அந்த மனுஷன் மேல உக்காந்து பாத்துட்டிருக்கார்டா..."

"அதுக்குத்தான் போட்டியா?" அவன் முகம் செங்கல் நிறமாகிவிட்டது. "நான் உழைச்ச இருபத்தொண்ணை வாயில போட்டுக்கிட்டு, இன்னைக்குத் திருட்டுப் புள்ளி ஒண்ணு குடுக்கறியா? எனக்கு வேணாம்."

திரும்பிப் போய்விட்டான். இருபத்தொண்ணு! அவனுக்குத் தெரிந்திருக்கிறது. எண்ணி வைத்திருக்கிறான். வருஷம் முழுக்க எதிரே உட்கார்ந்து பிரோகிக் கொழுக்கட்டை தின்றுகொண்டு, "இன்னைக்கு ஆட்டம் எப்படிம்மா இருந்துச்சு?" என்று கேட்டவன்.

அவள் பதினாலை அடித்துவிட்டுச் சொல்லி அனுப்பினாள். அறிவிப்பாளர் தொண்டையைக் கனைத்தார். "திருத்தம். அசிஸ்ட் கிடையாது." மேல் வரிசையில் ஒருவன், "குடுத்த கையாலயே புடுங்கிட்டாங்கடோய்!" என்று கத்த, மறுபடி அரங்கம் சிரித்தது. இந்தத் தடவை அவளுக்குக் காது எரியவில்லை. வேறு எங்கோ எரிந்தது.

நாலரை மணிக்கு ஆட்டம் முடிந்து, ஐஸை மெழுகுகிற வண்டி உள்ளே வந்துவிட்டது. பிராண்ட்வோல்ட் படியிறங்கி நேரே கூண்டுக்குத்தான் வந்தார்.

"முப்பது வருஷமா இந்த வேலையில இருக்கேன். புள்ளி குடுங்கன்னு கண்ணாடியைத் தட்டின பயலுங்களை நூறு பேர் பாத்திருக்கேன். அழிங்கன்னு தட்டினவனை இன்னைக்குத்தான் பாக்கறேன். என்னம்மா சொன்னான்?"

வெர்னா எழுந்து நின்றாள். "நான் அவன் அம்மாங்க."

அவர் மீசை அசையவில்லை.

"அந்த ஆறு பொய்யி. அவன் பயப்படலை, பயந்தது நான். என் புள்ளைக்குக் கூடப் போடறேன்னு ஊர் சொல்லிடும்னு பயந்து, இருக்கறதையே போடலை. உரசினதை எல்லாம் கைப்பத்தினதா எழுதினேன்."

பிராண்ட்வோல்ட் நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டார். "கூடப் போட்ட அம்மாவைப் பாத்திருக்கேன். அப்பாவையும் பாத்திருக்கேன்." நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "ஆனா யோசிச்சுப் பாருங்க. பருவம் முடியற அன்னைக்கு, இடத்துக்கு ஆள் எடுக்க வந்தவன்கிட்ட, பெத்த தாய் வந்து என் புள்ளைக்கு இன்னும் இருக்குங்கறா. நீங்க என் இடத்துல இருந்தா நம்புவீங்களா?"

"மாட்டேன்" என்றாள் வெர்னா. அழுகை வந்தது, அடக்கவில்லை. "ஆனா நிஜம்."

"பயலைக் கூப்பிடுங்க."

ஈரத்தலையும் தோளில் பையுமாக நோலன் வந்தான். பிராண்ட்வோல்ட் சுற்றி வளைக்கவில்லை. "தம்பி, உங்கம்மா உன் அசிஸ்டை எல்லாம் எழுதாம விட்டேங்கறாங்க. உண்மையா?"

நோலன் அம்மாவைப் பார்த்தான். அவள் முகத்தில் வழிவதைப் பார்த்தான். பிறகு அவரிடம் திரும்பி, "இல்லைங்க" என்றான். "அம்மா தாள் சரிதான்."

வெர்னா விருட்டென்று அவன் பக்கம் திரும்பினாள். வாய்க்கு வந்த சோற்றைத் தட்டிவிடுகிறானே! "டேய்! ஏன்டா பொய் சொல்றே?"

"பொய் இல்லம்மா. நீ எழுதினா எழுதினதுதான்."

"கண்ணாடிகிட்ட இருபத்தொண்ணுன்னியே! உல்ரிக், நீங்க கேட்டீங்களா இல்லையா?"

கிழவர் டம்ளரைக் கீழே வைத்தார். "கேட்டேன். என் ரெண்டு காதாலயும் கேட்டேன்."

"அப்ப இருபத்தொண்ணு எதுன்னு சொல்லு தம்பி" என்றார் பிராண்ட்வோல்ட் அமைதியாக. "இருந்தா சொல்லு. இல்லாட்டி நான் கிளம்பறேன். நாலு மணி நேரம் வண்டி ஓட்டணும்."

நோலன் தரையைப் பார்த்தான். வெர்னா அவன் கையைப் பிடித்தாள். "சொல்லுடா. எனக்காக நீ சொல்லாம இருக்கறதுதான் எனக்குத் தாங்காது."

நோலன் பையைத் தோளிலிருந்து இறக்கினான். பிறகு அவன் ஆரம்பித்தான், மனப்பாடப் பாட்டு ஒப்பிக்கிற குரலில். "செப்டம்பர் இருபத்தெட்டு. முதல் பகுதி, ஆறு நிமிஷம் பத்து செகண்ட். பீட்டர்ஸ் கோல். நான் குடுத்தது எதிரணித் தடுப்புக்காரன் மட்டை நுனியில உரசிச்சு. அக்டோபர் அஞ்சு. மூணாவது பகுதி, பதினெட்டு நாப்பது. ரெம்பெல்."

வெர்னா தாளைத் தேடி எடுத்தாள். ஆறு பத்து, பீட்டர்ஸ், பக்கத்துக் கட்டம் காலி. பதினெட்டு நாப்பது, ரெம்பெல், காலி. அவன் சொல்லச் சொல்ல அவள் புரட்டினாள், பிராண்ட்வோல்ட் விரல் வைத்துப் பார்த்தார். ஒரு நிமிஷம் தவறவில்லை, ஒரு செகண்ட் தவறவில்லை. ஒவ்வொரு இடத்திலும் அந்த வெள்ளைக் கட்டம் பல்லிளித்தது. பன்னிரண்டாவதுக்கு மேல் வெர்னாவால் எண்ணைப் படிக்க முடியவில்லை, உல்ரிக் வாங்கிப் படித்தார். இருபத்தொன்றாவதும் வந்தது, அதுவும் காலி.

"ஏன்டா என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலை?" என்றாள்.

"கேட்டா அம்மாகிட்ட கேட்டு வாங்கினவன்னு ஆயிடும்." அவன் பையின் வாரை முறுக்கிக்கொண்டிருந்தான். "அதுவும் இல்லாம, ஊர் ஒரு தடவை சிரிச்சதை நீ ரெண்டு வருஷமா மறக்கலை. இதைச் சொல்லியிருந்தா உன்னை அந்த நாற்காலியிலயே உக்கார விட்டிருக்க மாட்டாங்க."

பிராண்ட்வோல்ட் நோட்டை மூடினார். "இருபத்தொண்ணும் சரியா இருந்தா உள்ளூர்ல இருபத்தேழு. ஆனா காலி கட்டம் சாட்சி ஆகாது. லீக்ல வீடியோ இருக்கு, கோச்சும் நானும் உக்காந்து பாக்கறோம். ஒண்ணு குறைஞ்சாலும் மொத்தத்தையும் நம்ப மாட்டார் அவர். வியாழக்கிழமை கூப்பிடறேன்." யாருடைய கையையும் குலுக்காமல் போய்விட்டார்.

அந்த நாலு நாள் வெர்னா எப்படி இருந்தாள் என்பதை எழுதிப் புண்ணியமில்லை. திங்கட்கிழமையே லீக் அலுவலகத்துக்குப் போன் போட்டாள். போன ஆட்டத் தாளைத் திருத்த விதியில் இடமில்லை, கையெழுத்துப் போட்டால் போட்டதுதான் என்றார்கள். அவளுடைய ஆறு இனி யுகத்துக்கும் ஆறுதான்.

வியாழக்கிழமை மதியம் நூலகத்தில் போன் அடித்தது.

"பிராண்ட்வோல்ட் பேசறேன். பாத்து முடிச்சிட்டோம்மா. உங்க பையன் சொன்னது தப்பு."

வெர்னா மேஜையைப் பிடித்துக்கொண்டாள்.

"இருபத்தொண்ணு இல்ல, இருபத்தாறு. நானும் கோச்சும் தனித்தனியா எண்ணினோம், ரெண்டு பேருக்கும் அதேதான். அஞ்சை அவனே விட்டுட்டான். பையனைக் கூப்பிட்டுக் கேட்டேன். அது உரசலா, கைப்பற்றலான்னு எனக்கே சந்தேகமா இருந்துச்சுங்க, அதான் சேர்க்கலைங்கறான்."

தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை என்று சும்மாவா சொன்னார்கள்? தன் கஞ்சத்தனம் தன் பேனாவோடு போகவில்லை, அவன் ரத்தத்திலும் ஏறியிருக்கிறது என்று அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது. ஆறும் இருபத்தாறும் முப்பத்திரண்டு. வெளியூரைவிட எட்டு கூட. சொந்த ஜனம் முன்னால்தான் அவன் புலியாக ஆடியிருக்கிறான், பத்தடி தூரத்தில் உட்கார்ந்துகொண்டு அவள் எலி என்று எழுதியிருக்கிறாள்.

"அம்மா? இருக்கீங்களா?" என்றது போன். "இடம் அவனுக்குத்தான். ஆகஸ்ட்ல அனுப்பி வைங்க. ஒண்ணு கேக்கலாமா? அவன் இல்லாத பருவத்துல நீங்க மறுபடி ஸ்கோர் எழுதுவீங்களா?"

"எழுதறேங்க" என்றாள் வெர்னா. "ஆனா இனிமே தாளை அனுப்பறதுக்கு முன்னாடி கூட்டிப் பாத்துட்டுத்தான் அனுப்புவேன்."